பாரிசுக்குப் பதினாலு தலம்

"நான் பிள்ளையைப் பார்க்கப் போறன் எண்டு மட்டும் அங்க சொல்லாதையடி, ஊர் பார்க்கவும் போறன் எண்டு சொல்லு, அப்பதான் விடுவாங்கள்" என்று எனக்கு முதன்முதல் சொன்னவ எங்கட ஒழுங்கையில் இருக்கிற திரேசக்கா. ஏழு வருசத்துக்கு முதல், தவக்காலத்து மூன்றாம் வெள்ளி, சிலுவைப்பாதை முடிந்து பேசாலைக் கோயில் வாசலில் நின்று சொன்னவ. அவவின் மகன் பாரிசில் இருக்கிறான். மருமகளுக்கு அப்போது ஏழாம் மாதம். கொழும்புக்குப் போய் விசாவுக்குக் கொடுக்க வேணும், தனியப் போகப் பயம். எனக்குக் கொஞ்சம் சிங்களம் வரும் என்பதால் துணைக்குக் கேட்டா. அப்படித் தொடங்கினதுதான் என்னுடைய இந்தத் தொழில்.

இதுக்கு ஒரு பெயர் கிடையாது. பாரிசில் இருக்கிற பிள்ளைகளிடம் போக ஆசைப்படுகிற தாய்மாரை விசாக் கந்தோருக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கூட்டிக்கொண்டு வருவது, அவ்வளவுதான். நான் எட்டாம் வகுப்பு மட்டும்தான் படித்தனான். சிங்களம் கூட இடம்பெயர்ந்திருந்த காலத்தில் கொழும்பில் ஒரு வீட்டில் சமைத்தபோது குசினியில் நின்று பழகினது. ஆனால் எந்தத் தாளுக்கு மேல் எந்தத் தாள் வரவேணும், எந்தக் கண்ணாடிக்கு முன் எப்போது எழும்பிப் போகவேணும் என்பதெல்லாம் எனக்கு இப்போது செபம் மாதிரிப் பாடம். எங்கட தொழிலில் பயணம் போவது மற்ற ஆக்கள், வாசல் வரைக்கும் போவது நாங்கள்.

எனக்கும் பாரிசில் ஒரு மகள் இருக்கிறாள், ஜெனிற்றா. கலியாணம் முடித்து எட்டு வருசமாகப் பிள்ளை கிடைக்கவில்லை. ஒவ்வொரு தாயையும் பஸ் ஏற்றும்போது நான் மனதுக்குள் கேட்டது ஒன்றுதான்: 'ஆண்டவரே, என் மகளுக்கும் ஒரு பிள்ளையைத் தாரும், அந்த நேரம் நான் அவளுக்குப் பக்கத்தில் நிற்கவேணும்.' வாசிக்கிற நீங்களும் ஒரு பிள்ளையை விமானம் ஏற்றிவிட்டுப் போனைக் கையில் வைத்துக்கொண்டு இருக்கிற ஆக்கள்தானே. அதனால் உங்களிடம் மறைக்க ஒன்றுமில்லை.

தாளும் தலமும்

விசாவுக்குக் கொடுக்கிற தாள்களில் ஒன்று, அந்த ஊரில் என்னென்ன பார்க்கப் போகிறோம், எந்த நாள் எங்கே போகிறோம் என்று எழுதின தாள். திரேசக்காவின் மகன் முதல் பதினாலு நாளுக்குப் பதினாலு இடம் எழுதி அனுப்பியிருந்தான். மன்னார் ரவுணில் ஒரு கடையில் அதை அடித்து எடுத்தோம். கேட்டால் தாயும் சொல்லத் தெரிந்திருக்க வேணும் என்று மகன் சொல்லியிருந்தான். அக்காவுக்கு ஒன்றும் மண்டையில் ஏறவில்லை. "இதென்னடி பெயருகள், வாய்க்குள்ள நண்டு ஓடுற மாதிரிக் கிடக்கு" என்று தாளைச் சுருட்டி என் மடியில் போட்டுவிட்டா.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. அக்காவுக்கு, ஆண்டவரின் பாடுகளை நின்று நின்று தியானிக்கிற சிலுவைப்பாதையின் பதினாலு தலமும் தலைகீழாகத் தெரியும். ஒவ்வொரு தலத்துக்கும் ஒவ்வோர் இடத்தைக் கட்டிவிட்டேன். சிலுவையைச் சுமக்கிற இரண்டாம் தலத்துக்கு, பாரம் தாங்கி நிற்கிற அந்தப் பெரிய வளைவு வாசல். தாயைச் சந்திக்கிற நாலாம் தலத்துக்கு, பிறகு எரிந்துபோன அந்தப் பெரிய மாதா கோயில். வெரோனிக்காவின் துணியில் முகம் பதிந்த ஆறாம் தலத்துக்கு, படங்கள் வைத்திருக்கிற மியூசியம். உடுப்பைக் களைகிற பத்தாம் தலத்துக்கு, உடுப்புக் கடைத் தெரு. அடக்கம் செய்கிற பதினாலாம் தலத்துக்கு, அந்த நாட்டுப் பெரிய மனிதரையெல்லாம் அடக்கம் பண்ணி வைத்திருக்கிற மண்டபம். பாவமோ என்று பயந்து பயந்துதான் செய்தேன். இரண்டே நாளில் அக்கா முழுவதையும் பாடமாக்கிவிட்டா.

காலமை பஸ்ஸில் வெளிக்கிட்டுக் கொழும்பில் சிஸ்டர்மாரின் விடுதியில் தங்கி, அடுத்த நாள் கந்தோருக்குப் போனோம். வயது போன ஆள் என்பதால் துணைக்கு என்னையும் உள்ளே விட்டார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தாள் வாங்கிப் பார்க்கிற பிள்ளை சிங்களப் பிள்ளை, ஆனால் நீர்கொழும்புப் பக்கம், தமிழ் கதைத்தாள். தாளைப் பார்த்துவிட்டு, "அம்மா, நாலாம் நாள் என்ன பார்க்கப் போறீங்கள்?" என்று கேட்டாள். திரேசக்கா உடனே கைகூப்பி, வலது முழங்காலை மடக்கி, மண்டபம் முழுக்கக் கேட்கிற மாதிரி, "நாலாம் தலம்! இயேசு தம் தாயைச் சந்திக்கிறார்!" என்றா. வரிசையில் இருந்த ஆக்கள் திரும்பிப் பார்த்தார்கள். அந்தப் பிள்ளை கழுத்தில் இருந்த சின்னப் பதக்கத்தைத் தொட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் தலையைக் குனிந்தபடி இருந்தாள். சிரிப்பை அடக்கினாளோ, செபித்தாளோ தெரியாது. பிறகு மெதுவாகச் சொன்னாள்: "சரி அம்மா. பதினாலாம் தலத்தில அடக்கம் பண்ண முதல் திரும்பி வந்திடுங்கோ."

சுவாமியாரின் தீர்ப்பு

அக்காவுக்கு விசா கிடைத்தது. கதை பரவி, அடுத்தடுத்து ஆக்கள் என்னைத் தேடி வந்தார்கள். எல்லாருக்கும் அதே தாள், அதே பதினாலு இடம். எனக்கோ நெஞ்சுக்குள் ஒரு முள். பேரப்பிள்ளையைப் பார்க்கப் போகிற தாய்மாரை ஊர் பார்க்கப் போகிறோம் என்று சொல்ல வைக்கிறேனே, இது பொய்யில்லையா? அதுவும் ஆண்டவருடைய பாடுகளை வைத்துப் படிப்பித்து.

பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன். சுவாமியார் இளம் ஆள். ஆறுதலாகச் சொன்னார்: "போய்ப் பார்க்காமல் வந்தால்தான் அது பொய். உண்மையாப் பார்த்திட்டு வரச் சொல்லுங்கோ அம்மா, அவ்வளவுதான்."

முத்தம்மாவின் சாட்சிகள்

அன்றையில் இருந்து, பஸ் மடுச்சந்தி கடக்கும்போது, கூட வருகிற தாயிடம் ஒரு வாக்கு வாங்குவேன். தாளில் உள்ளதில் முடிந்த அளவாவது பார்த்துவிட்டு வரவேணும் என்று. எல்லாரும் ஓம் என்பார்கள். அந்த நேரத்தில் கேட்டால் கடலைக் குடித்துவிட்டு வரச் சொன்னாலும் ஓம் என்பார்கள்.

வெள்ளாங்குளத்தில் இருந்து வந்த முத்தம்மா மட்டும் யோசித்துத்தான் ஓம் சொன்னா. அவவின் ஆக்கள் மலைநாட்டில் இருந்து அடிபட்டு வந்து, அங்கே காடு வெட்டிக் குடியிருந்தவர்கள். மகள் பாரிசில். போனால் திரும்பி வருவோம் என்பதுக்குக் காணி, வீடு, வேலை என்று ஏதாவது காட்டவேணும். முத்தம்மாவுக்குக் காணி உறுதி கிடையாது, அரசாங்கம் குடியிருக்கத் தந்த பழைய பேமிற் தாள் ஒன்று மட்டும், அதுவும் கறையான் தின்ற மிச்சம். 'நான் வேற கொண்டாந்திருக்கேன், கவலப்படாதீங்க' என்று பையைத் தட்டிக் காட்டினா.

கண்ணாடிக்கு முன்னால் போனதும் பையைத் திறந்து அஞ்சு படத்தை வரிசையாக அடுக்கினா. அஞ்சும் மாடு. ஒவ்வொன்றின் பின்னாலும் பெயர் எழுதியிருந்தது. மாடுகளை விசாக் கந்தோர் அதுக்கு முதல் கண்டிருக்காது. அந்தப் பிள்ளை ஒவ்வொரு படமாக எடுத்துப் பார்த்துவிட்டு, "ஏன் அம்மா இது?" என்று கேட்டாள். முத்தம்மா சத்தம் கூட்டாமல் சொன்னா: "நா தண்ணி காட்டலேன்னா அதுக குடிக்காதும்மா. பெத்த புள்ளைங்க மாதிரி இல்ல, அதுகளுக்கு நா தினமும் வேணும்."

போய் வந்த ஆக்கள்

முத்தம்மாவுக்கும் விசா கிடைத்தது. முதல் போன திரேசக்கா இரண்டரை மாதம் நின்றுவிட்டு வந்தா. வந்த அன்றே ஓடிப்போனேன். எனக்கு என் பாவம் கரைந்ததா என்று தெரியவேணும். பாரிஸ் எப்படி இருக்கும் என்று கேட்கிற ஆசையும் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. அக்கா வாசல் வாங்கில் குந்தியிருந்து கைக்கு எண்ணெய் பூசிக்கொண்டிருந்தா. விரலெல்லாம் வெடித்துப் பிளந்திருந்தது. பிள்ளைக்கு வயிற்றுக் குத்து, இராப்பகலாக அழுகை. மருமகள் கொஞ்ச நாளில் வேலைக்குப் போய்விட்டாள், மகனுக்கு இரண்டு வேலை. பிள்ளையின் துணி, சமையல், வீடு கூட்டித் துடைப்பது எல்லாம் அக்கா.

"அப்ப ஒண்டும் பார்க்கேல்லையா அக்கா? இரும்புக் கோபுரமாவது?" என்று கேட்டேன். அதுதான் முதலாம் தலம். அக்கா எண்ணெய்ப் போத்தலை மூடினா. "ஊசி போடப் பிள்ளையைக் கொண்டுபோகேக்க ரெயிலில இருந்து மகன் சொன்னவன், அங்க பாருங்கோ அம்மா கோபுரம் எண்டு. நான் பிள்ளையை மற்றத் தோளுக்கு மாத்திப்போட்டுத் திரும்பினன், ரெயில் நிலத்துக்குக் கீழ பூந்திட்டுது."

பரீதாவின் பாரிஸ்

சிலாவத்துறைப் பரீதாவை எனக்கு நன்றாகப் பிடிக்கும். இடம்பெயர்ந்து போய், திரும்பி வந்து, பற்றைக்குள் தன் கிணற்றைத் தேடிக் கண்டுபிடித்தவ. அவவுக்குத் தாளை மாற்றிக் கொடுத்தேன். கோயில்களை வெட்டிவிட்டு அங்கே இருக்கிற பெரிய பள்ளிவாசலையும் இரண்டு பூந்தோட்டத்தையும் போட்டேன். தலத்துக்குப் பதிலாகத் தஸ்பீஹ் மணியை உருட்டிப் பாடமாக்கினா. பஸ்ஸில் நான் செபமாலை, அவ தஸ்பீஹ். முன்வாங்கில் இருந்த ஒரு ஐயா திரும்பிப் பார்த்து, "ரெண்டு பேருமாச் சேர்ந்து பஸ்ஸைத் தள்ளுறியளோ?" என்றார்.

மூன்று மாதம் கழித்து மன்னார் சந்தையில் கண்டேன். பாதி ஆளாக மெலிந்திருந்தா. மகனுடைய வீடு ஆறாம் மாடி, லிப்ட் இல்லை. பள்ளிவாசலுக்குப் போனீங்களா என்று கேட்டேன். யன்னலைத் திறந்துவைத்தால் பாங்கு கேட்குமோ என்று காது கொடுத்துப் பார்த்தாவாம், கேட்கவில்லையாம். பூந்தோட்டம்? சிரித்தா. அந்தச் சிரிப்பை என்னால் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. "அக்கா, பாரிஸ் எண்டது ஒரு குசினி, ஒரு வோஷிங் மெசின், ஆறு மாடிப் படி. வேற ஒண்டும் நான் காணேல்ல."

ஒரு மகனின் கோபம்

இப்படி எட்டுப் பத்துப் பேர். ஒருத்தருக்கும் நாலு இடம் தேறவில்லை. சுவாமியார் சொன்ன கணக்கில் பார்த்தால் அத்தனையும் என் தலையில் ஏறின பொய். அதனால் ஒரு தாயிடம், தலைமன்னார்ப் பக்கத்து ஆள், கொஞ்சம் கடுமையாகவே வாக்கு வாங்கினேன். மெழுகுதிரி கொளுத்தி மாதாவுக்கு முன்னால் நிற்க வைத்து. அவ பயபக்தியான மனுசி. அங்கே போய் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் சீலை உடுத்து, தலை வாரி இழுத்து, தாளைக் கையில் பிடித்துக்கொண்டு கதவடியில் கதிரை போட்டு இருந்தாவாம். 'ஒரு தலத்துக்காவது கூட்டிக்கொண்டு போ தம்பி' என்று.

நாலாம் ஞாயிறு அவவின் மகன் எனக்குப் போன் எடுத்தான். நல்ல பிள்ளைதான், சின்ன வயதில் எனக்குத் தெரியும். ஆனால் அன்றைக்கு எடுத்த எடுப்பிலேயே சத்தம். "அன்ரி, நான் அம்மாவைப் பிள்ளை பார்க்கத்தானே எடுப்பிச்சனான்? நீங்கள் என்னத்துக்கு ஊர் பார்க்கச் சொல்லிக் குடுத்தனீங்கள்? நானே பன்ரண்டு வருசமா இஞ்ச இருக்கிறன், நானே இன்னும் அதுகளைப் பார்க்கேல்ல!"

கடிதம் வந்த வீடு

விசா கிடைக்காமல் போன ஆக்களும் உண்டு. அடம்பன் பக்கத்தில் ஒரு தாய்க்குக் கடிதம் வந்து, வாசித்துச் சொல்லக் கூப்பிட்டா. பிள்ளைகள் மூன்று பேரும் வெளியில், மனுசனும் இல்லை. கடிதத்தில் கன வசனம், ஆனால் விசயம் ஒன்றுதான். நீங்கள் திரும்பி வருவீர்கள் என்று நம்புவதுக்குக் காரணம் காணவில்லை.

நான் எப்படியெல்லாமோ சுற்றி வளைத்துச் சொன்னேன். அவ அரிசி புடைத்துக்கொண்டிருந்தா, சுளகை நிலத்தில் வைக்கவுமில்லை. கண்ணிலும் தண்ணி இல்லை. "திரும்பி வாறம் எண்டு சொல்லிப்போட்டுத்தான் என்ர மூண்டும் போனதுகள். அதுகளிட்ட ஒருத்தரும் சாட்சி கேட்கேல்லையே தங்கச்சி."

என் முறை

போன வருசம் மாதா திருநாள் முடிந்த கிழமை ஜெனிற்றா போனில் அழுதாள். எனக்கு விளங்க நேரமெடுத்தது. அழுகையா சிரிப்பா என்று. "அம்மா, மூண்டு மாசம்" என்றாள். நான் போனை வைத்துவிட்டுக் குசினித் தரையில் அப்படியே முழங்காலில் இருந்தேன். எட்டு வருசம். அருள் நிறைந்த மரியே என்று தொடங்கினது முடியவில்லை.

பிறகு வேலையில் இறங்கினேன். பிள்ளை பெற்றவளுக்குச் சரக்குக் கறி காய்ச்சவேணும். மல்லி, மிளகு, சீரகம், மஞ்சள் எல்லாம் காய வைத்து, கல்லுரலில் என் கையாலேயே இடித்தேன், மில்லுக்குக் கொடுக்கவில்லை. பால் ஊற பால்சுறாக் கருவாடு தேடி எடுத்துத் துப்புரவாக்கினேன். அதோடு ஒரு தீர்மானமும் எடுத்தேன். மற்றவர்கள் பார்க்காமல் விட்ட பதினாலையும் நான் பார்ப்பேன். ஜெனிற்றா படுத்திருக்கிற நேரம், பிள்ளையைத் தூக்கி நெஞ்சில் கட்டிக்கொண்டு, நடந்தாவது போவேன். இத்தனை தாய்மாரின் வாயில் நான் வைத்த சொல்லை நானே போய் உண்மையாக்கிவிட்டு வருவேன். எரிந்த மாதா கோயிலை இப்போது திருத்தித் திறந்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டு, அதுவும் எனக்காகத்தான் என்று நினைத்துக்கொண்டேன். அப்படி ஒரு பைத்தியம்.

கந்தோரில் அதே பிள்ளைதான். கண்டதும் கண்ணாடிக்குள்ளால் சிரித்து, "இண்டைக்கு ஆரை அன்ரி கூட்டிக்கொண்டு வந்தனீங்கள்?" என்றாள். "என்னைத்தான் மகள்" என்றேன். அவளுக்குச் சந்தோசம். தாள்களை ஒவ்வொன்றாகப் பிரட்டினாள். பிரட்டப் பிரட்டச் சிரிப்புக் குறைந்தது. மனுசன்? மோசம் போய் அடக்கம் பண்ணிப் பத்து வருசம். வீடு? அவருடைய தகப்பனின் பெயரில் இருக்கிற காணி, உறுதி இடம்பெயர்வில் துலைந்தது. வீட்டில் யார்? நான் மட்டும், மகன் கலியாணம் முடித்து ரவுணில் இருக்கிறான். தொழில்? நான் அவளைப் பார்த்தேன், அவள் என்னைப் பார்த்தாள். தொழில் இதுதானே பிள்ளை, ஏழு வருசமாக உன் முன்னால் வந்து நிற்கிறேனே. ஆனால் அதுக்கு ஒரு தாள் கிடையாது. பதினாலு இடத்தையும் அவள் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் சிலுவைப்பாதையில்லாமலே சொல்லியிருப்பேன். எழும்பும்போது, "நான் தாளை வாங்கிக் குடுக்கிறது மட்டும்தான் அன்ரி, முடிவு எடுக்கிறது வேற ஆக்கள்" என்றாள். அவளில் பிழையில்லை, அதை நான் சொல்லித்தான் ஆகவேணும்.

மூன்று கிழமையில் கடிதம் வந்தது. இந்த முறை ஒருத்தருக்கும் வாசித்துச் சொல்லத் தேவைப்படவில்லை, உறையின் தடிப்பிலேயே எனக்குத் தெரியும். திரும்பி வருவேன் என்பதுக்குக் காரணம் காணவில்லை. அத்தனை தாய்மாரைக் கூட்டிக்கொண்டு போய், அத்தனை பேரையும் பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவந்து வீட்டில் விட்டவள் நான். மகன் வந்து வாசித்துவிட்டு, தேத்தண்ணி குடித்துக்கொண்டு, "நீங்களும் மாடு நாலு வளர்த்திருக்கலாம் அம்மா" என்றான். பகிடிக்குத்தான் சொன்னான். நான் உள்ளே போய் அரிசி கழுவினேன்.

இரண்டாம் முறை கொடுக்க நேரம் இருக்கவில்லை. பிள்ளை ஒரு மாதம் முந்திப் பிறந்துவிட்டது. பெண் பிள்ளை. போனில் காட்டினாள், முகம் முழுக்கத் தொப்பி. நான் அழக் கூடாது என்று செபமாலையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு இருந்தேன். 'தனிய எப்பிடிச் சமாளிக்கிறாய் பிள்ளை, நான் வந்திருக்க வேணும், என்ர கையால உனக்கு ஒரு நேரம் காய்ச்சித் தந்திருக்க வேணும்' என்று தொடங்கினேன். அவளுக்குக் களைப்பு. பிள்ளை வேறு சிணுங்கியது. என்னைத் தேற்றத்தான் சொன்னாள், எனக்குத் தெரியும், அவள் குணமான பிள்ளை. ஆனாலும் அந்த வசனம் இன்னும் என் காதுக்குள் இருக்கிறது: "பரவாயில்லை அம்மா, நீங்கள் யோசிக்காதேங்கோ. அந்தச் சரக்குத்தூளை மட்டும் ஆரும் வாற ஆக்களிட்டக் குடுத்துவிடுங்கோ."

கொடுத்துவிட்டேன். வங்காலையில் இருந்து ஒரு தாய், நான்தான் கூட்டிக்கொண்டு போய் விசா எடுத்துக் கொடுத்தது, தன் பெட்டியில் இடம் ஒதுக்கித் தந்தா. மடுச்சந்தி கடக்கும்போது அவவிடம் நான் ஒரு வாக்கும் வாங்கவில்லை.

நான் ஏழு வருசமாக ஆக்களுக்குப் பாடமாக்கிக் கொடுத்த ஊருக்கு நான் இடித்த மல்லியும் மிளகும் போய்ச் சேர்ந்துவிட்டது, இடித்தவள்தான் திரும்பி வரமாட்டாளாம்.

வாசிக்கிற உங்களில் யாருக்காவது அங்கே போகக் கிடைத்தால் ஒரு சின்ன உதவி செய்யுங்கோ. மகளின் வீட்டு விலாசத்தை நான் எழுதித் தருகிறேன். கதவைத் தட்டி, கையைக் கழுவிப்போட்டு, பிள்ளையை வாங்கி, அதன் நெற்றியில் பெருவிரலால் ஒரு சிலுவை போட்டுவிடுங்கோ. பேசாலை அம்மம்மா போடச் சொன்னவ எண்டு பிள்ளையிட்டச் சொல்லுங்கோ.